கல் என்ன நிறம்?

1989இல் வெளிவந்த ஹீரோகுவெஸ்ட் என்னும் பலகை விளையாட்டின் பெட்டியில் 35 பிளாஸ்டிக் உருவங்கள் இருந்தன. நான்கு வீரர்கள், மீதி 31ம் அவர்களை எதிர்த்து நிற்கும் அரக்க கணம். ஸ்டீபன் பேக்கர் வடிவமைக்க, மில்டன் பிராட்லி நிறுவனமும் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பும் சேர்ந்து வெளியிட்ட விளையாட்டு இது. எட்டு ஓர்க்குகள், ஆறு காப்ளின்கள், நான்கு எலும்புக்கூடுகள் என்று எதிரிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். சிறகும் கொம்பும் கொண்ட கார்காயிலோ ஒன்றே ஒன்று. நிலவறையில் சிலையென நின்றுகொண்டிருந்துவிட்டு, வீரர்கள் நெருங்கும்போது உயிர்பெற்றுப் பாயும் பாத்திரமும் அதற்கு உண்டு.

நண்பர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து இப்பெட்டி சில மாதங்களுக்கு முன் இறக்கப்பட்டது. கொஞ்சம் தூரிகை பிடிக்கத் தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு இருப்பதால், அவருடைய மகன் கார்காயிலை மட்டும் எடுத்துவந்து என்னிடம் நீட்டினான். “இத நிஜக் கல்லு மாதிரி ஆக்கித் தர முடியுமா, மாமா?”

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொம்மை வார்க்கப்பட்ட பிளாஸ்டிக்கே சாம்பல் நிறம்தான். ஓர்க்குகளுக்குப் பச்சை, எலும்புக்கூடுகளுக்கு வெளிறிய வெள்ளை, கார்காயிலுக்குச் சாம்பல் என்று தொழிற்சாலையிலேயே பிரித்துவிட்டிருந்தார்கள். சாம்பல் நிறம்தானே கல்லின் நிறம்? ஆயினும் அது எவ்வகையிலும் கல்லைப் போல இல்லை. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் போல இருந்தது. சாம்பல் நிறப் பொருளைச் சாம்பல் நிறக் கல்லாகக் காட்டுவதற்கு ஒரு மாலை நேரம் முழுவதும் வண்ணம் பூச வேண்டும் என்பதில் ஏதோ விளங்காத ஒன்று இருப்பதாக எனக்குப் பட்டது. அதைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

இத்தகைய சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுபவர்களிடையே கல்லுக்கான செய்முறை ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் உருவம் முழுக்கக் கறுப்பு அடிப்பூச்சு. அது காய்ந்ததும் அடர்ந்த சாம்பல் வண்ணத்தில் தூரிகையைத் தோய்த்து, துணியில் தேய்த்துத் தேய்த்து ஏறக்குறைய முழு வண்ணத்தையும் துடைத்துவிட வேண்டும். பிறகு அந்த வறண்ட தூரிகையால் உருவத்தின் மேல் லேசாக இழுக்க வேண்டும். ட்ரை பிரஷ் என்று இதற்குப் பெயர். மேடான விளிம்புகள் மட்டும் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். அடுத்து இன்னும் வெளிறிய சாம்பல், இன்னும் லேசான கையால். கடைசியில் கிட்டத்தட்ட வெள்ளை. எல்லாம் முடிந்த பின் நீர்த்த கறுப்பு அல்லது பழுப்பு மையை மேலே ஓடவிட்டால் அது தானாகவே இடுக்குகளைத் தேடிப்போய்த் தேங்கும். இதை வாஷ் என்கிறார்கள்.

இச்செய்முறைக்கு ஒரு காரணம் எளிது. நான்கைந்து சென்டிமீட்டர் உயரமே உள்ள உருவத்தின் மடிப்புகளில் அறை விளக்கின் ஒளி போதிய நிழலை உண்டாக்குவதில்லை. ஆகவே நிழலையும் ஒளியையும் வண்ணமாகவே பூசிவிடுகிறோம். இவ்வளவுதான் என்றால் எந்தப் பொருளுக்கும் இது பொருந்தும். துணிக்கும் தோலுக்கும்கூட அப்படித்தானே செய்கிறார்கள்? கல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை கறுப்பு? விளிம்புகள் ஏன் உப்புப் பூத்ததுபோல் இப்படி வெளுக்க வேண்டும்? நாம் நகலெடுப்பது எந்தக் கல்லை?

அந்தக் கல் எது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை, நிலக்கரிப் புகைக்குள் நின்ற கல் என்பது. பாரிஸும் லண்டனும் பெருமளவு சுண்ணாம்புக்கல்லால் எழுந்த நகரங்கள். பாரிஸின் கல் வெட்டியெடுக்கும்போது பாலாடையில் சிறிது மஞ்சள் கலந்தாற்போல இருக்கும். லண்டனின் பெரிய கட்டடங்களுக்குக் கொண்டுவரப்பட்ட போர்ட்லாந்துக் கல் வெண்மை. நிலக்கரியை எரிக்கும்போது வெளிவரும் கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்தால், கல்லின் மேற்பரப்பு ஜிப்சமாக மாறுகிறது. மழை நேரடியாகப் படும் இடங்களில் அந்த ஜிப்சம் கரைந்து ஓடிவிடும். அங்கே கல் கழுவப்பட்டு வெளுத்தே நிற்கும். மழை எட்டாத இடங்களில், கண்குழியிலும் அக்குளிலும் ஆடை மடிப்புக்குள்ளும், அது புகைக்கரியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு கரிய ஓடாக இறுகும். மேடு வெள்ளை, பள்ளம் கறுப்பு. கறுப்பு அடிப்பூச்சின் மேல் வறண்ட தூரிகையால் செய்யும் வேலையை மழையும் புகையும் சேர்ந்து சுமார் இருநூறு ஆண்டுகளாக ஐரோப்பிய நகரங்களின் மீது செய்துவந்திருக்கின்றன. (கருங்கல்லில் இந்த ரசவாதம் இப்படி நடப்பதில்லை, அதில் கரைவதற்குச் சுண்ணாம்பு இல்லை. ஆகவே எல்லாக் கல்லும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.)

1952 டிசம்பரில் லண்டனைப் பல நாட்கள் மூடிய புகைமூட்டமும், அதன் விளைவாக 1956இல் வந்த தூய காற்றுச் சட்டமும் பலர் அறிந்தவை. சட்டம் வந்தாலும் சுவர்கள் உடனே வெளுத்துவிடவில்லை. புனித பவுல் தேவாலயத்தின் உள்ளும் புறமும் அழுக்கு நீக்கிப் புதுப்பிக்கும் பணி 2011இல்தான் முடிந்தது. கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1975இல் லண்டனில் தொடங்கப்பட்டது. உலோகச் சிற்றுருவங்களை வார்த்த சிட்டாடல் 1979இல் நியூவார்க் என்னும் சிற்றூரில். இவற்றில் வேலை செய்த இளைஞர்கள் கரி படிந்த கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த கடைசித் தலைமுறை. கல் என்றால் அவர்களுடைய மனத்தில் எழுந்தது அந்த நிறமாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நிரூபிக்க வழியில்லை. ஆனால் பொம்மையின் மேல் தூரிகை ஓடுவதைப் பார்க்கையில் ஊகம் வலுப்பெறத்தான் செய்கிறது.

புகைக்கு முன் கல் எப்படி இருந்தது? வெள்ளையாக என்று சொல்லத் தோன்றும். அதுவும் சரியில்லை. இடைக்காலத் தேவாலயங்களின் வாயில்களில் நின்ற புனிதர்களுக்குச் சிவப்பு உதடும் நீல அங்கியும் பொன்னிறத் தலைமுடியும் பூசப்பட்டிருந்தன. சுவிட்சர்லாந்தின் லோசான் தேவாலயத்தில் 13ஆம் நூற்றாண்டின் வாயில் ஒன்று அவ்வண்ணங்களின் கணிசமான மிச்சத்தோடு இன்றும் இருக்கிறது. பிரான்சின் அமியென் தேவாலயத்து முகப்பை 1990களில் லேசர் கொண்டு துப்புரவு செய்தபோது கரிக்கு அடியில் வண்ணத் துகள்கள் வெளிப்பட்டன; அதன் பிறகு, இரவுகளில் அந்த வண்ணங்களை ஒளியாக முகப்பின் மேல் வீசிக் காட்டத் தொடங்கினார்கள். சிற்பி முடித்ததும் சிலை முடிந்துவிடுவதில்லை. அதன்பின் ஓவியன் வரவேண்டும்.

இந்த இடத்தில்தான் யான் வான் ஐக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கெண்ட் நகரின் புனித பாவோ தேவாலயத்துக்காக அவரும் அண்ணன் ஹூபர்ட்டும் வரைந்து 1432இல் நிறைவுற்ற பெரிய பலிபீட ஓவியம், கதவுகள் கொண்ட ஒரு பேழையைப் போல மூடித் திறப்பது. திறந்தால் உள்ளே மாணிக்கமும் பச்சைப் புல்வெளியும் பட்டு ஆடைகளுமாகக் கண்ணைப் பறிக்கும். மூடியிருக்கும் நாட்களில் மக்கள் கண்டது வெளிப்புறத்தை மட்டும். அதன் கீழ்வரிசையில் நான்கு உருவங்கள். இரு ஓரங்களிலும் ஓவியத்துக்குப் பணம் கொடுத்த யூஸ் வைட்டும் அவர் மனைவி எலிசபெத் போர்லூட்டும் சுருக்கம் விழுந்த தோலோடும் சிவந்த ஆடையோடும் மண்டியிட்டிருக்கிறார்கள். நடுவில் திருமுழுக்கு யோவானும் நற்செய்தியாளர் யோவானும். இவ்விருவரும் மனிதர்களாக அல்ல, பீடத்தின் மேல் நிற்கும் வண்ணம் பூசாத கற்சிலைகளாகத் தீட்டப்பட்டிருக்கிறார்கள். சாம்பல் நிறத்தின் சாயைகளை மட்டும் கொண்டு வரையும் இம்முறையைக் கிரிஸாய் என்பார்கள்.

கிரிஸாய் வான் ஐக்கின் கண்டுபிடிப்பு அல்ல. பதுவா நகரின் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில், 1305ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜோத்தோ ஏசுவின் கதையை முழு வண்ணத்திலும், சுவரின் அடிப்பகுதியில் ஏழு நற்குணங்களையும் ஏழு தீக்குணங்களையும் கல் உருவங்களாகவும் தீட்டினார். அவற்றுக்கு இடையிலுள்ள சலவைக்கல் பலகைகளும் வண்ணப்பூச்சே. வாழ்ந்தவர்களுக்கு வண்ணம், கருத்துகளுக்குக் கல் என்று அவர் ஒரு வரிசை வைத்திருந்தார் போலும். கெண்டில் அந்த வரிசை தலைகீழாகிறது. அற்ப ஆயுள் கொண்ட வணிகக் கனவான் சதையும் இரத்தமுமாக இருக்கிறார்; நித்தியத்தில் இருக்கும் புனிதர் கல்லாகிவிடுகிறார்.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. 1435இல் புரூஜ் நகராட்சி தன் நகர மன்றத்து முகப்பில் இருந்த கற்சிலைகளுக்கு வண்ணமும் பொன்னும் பூசியதற்காக யான் வான் ஐக்குக்குக் கூலி கொடுத்திருக்கிறது. அதாவது, பலகையில் வண்ணமில்லாத கல்லை வரைந்த அதே கை, ஏணியேறி உண்மையான கல்லை வண்ணத்தால் மூடியது. அவர் காலத்துத் தேவாலயங்களில் பூச்சில்லாத சாம்பல் சிலை அன்றாடக் காட்சியே அல்ல. வான் ஐக் வரைந்தது, சிற்பியின் உளி நின்று ஓவியனின் தூரிகை இன்னும் தொடாத இடைவேளையை. கல் தச்சரின் பட்டறைக்குள் போய்வரும் ஒருவருக்கே அது பழக்கமான காட்சி. தான் வந்து முடிக்க வேண்டிய வேலையை முடிக்காமலே விட்டுக் காட்டியிருக்கிறார் என்று படிக்கும்போது அந்த இரண்டு யோவான்களும் எனக்கு முற்றிலும் வேறாகத் தெரிகிறார்கள்.

அவர் குறும்புக்காரரும்கூட. மத்ரித் நகரின் தைசன் அருங்காட்சியகத்தில் அவருடைய சிறிய இரட்டைப் பலகை ஒன்று உள்ளது. தேவதூதரும் மரியாளும் வெண்கல் சிலைகளாக நிற்கிறார்கள். பின்னால் பளபளக்கும் கருங்கல்லில் அவர்களுடைய முதுகு பிரதிபலிக்கிறது. பீடத்தின் முனை சட்டத்தைத் தாண்டி நம் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றுகிறது. எல்லாம் அச்சு அசல் கல். ஆனால் மரியாளின் தலைக்கு மேல் இருக்கும் கற்புறாவோ எந்தப் பிடிமானமும் இல்லாமல் காற்றில் நிற்கிறது. எந்தச் சிற்பியாலும் இதைச் செய்ய முடியாது.

கெண்ட் ஓவியத்தின் கல் யோவானுக்குப் பிற்காலத்தில் ஒரு துப்பறியும் கதையும் வாய்த்தது. பெர்லினில் இருந்த காலத்தில் இதன் கதவுப் பலகைகளை முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி என்று தடிமனில் இரண்டாக அறுத்திருந்தார்கள். 1934 ஏப்ரலில் தேவாலயத்திலிருந்து ஒரு கதவு திருடப்பட்டது. ஒரு பக்கம் நீதிமான்கள் குதிரையேறி வரும் வண்ண ஓவியம், மறுபக்கம் கிரிஸாய் யோவான். பணம் கேட்டுக் கடிதங்கள் வந்தன. பொருள் தன்னிடம்தான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாகத் திருடன் கல் யோவானைத் திருப்பி அனுப்பிவிட்டான். வண்ணப் பலகை இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் இடத்தில் ஒரு நகல் இருக்கிறது. திருடனுக்கும் கல்லைவிட வண்ணமே உயர்வாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

இனிக் கார்காயிலுக்குத் திரும்புவோம். பிரெஞ்சில் தொண்டையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடைய பெயர் இது. காரணம், அதன் தொழில் கூரைத் தண்ணீரை வாய் வழியாகச் சுவருக்கு அப்பால் துப்புவது. இடைக்காலக் கார்காயில்கள் கழுத்தை நீட்டிக் கிடைமட்டமாகப் பாயும் நிலையில் இருப்பவை. விளையாட்டுப் பெட்டியின் கார்காயிலோ நிமிர்ந்து நிற்கிறது, தண்ணீரோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. இதன் முன்னோர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள் அல்லர். விக்தோர் யூகோவின் நாவல் 1831இல் வெளிவந்து பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்தின் மீது மக்களின் கவனத்தைத் திருப்பியபின், 1840களில் தொடங்கி 1864 வரை வியோலே லெ துய்க் நடத்திய புதுப்பித்தலில் கோபுரங்களின் மாடத்தில் புதிதாக வைக்கப்பட்டவையே கைமேராக்கள் எனப்படும் அந்தப் பூதங்கள். கன்னத்தில் கைவைத்து நாக்கைத் துருத்தியபடி நகரைப் பார்க்கும் ‘ஸ்ட்ரீஜ்’ அவற்றுள் புகழ்பெற்றது. அதைக் கண்டு இடைக்காலத்தின் இருட்டை உணர்பவர்கள், ரயில் வண்டி ஓடத் தொடங்கிவிட்ட காலத்தின் சிற்பத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தப் பூதத்தை உலகுக்குக் கொண்டுசென்றவை கறுப்பு வெள்ளைப் பிரதிகள். 1853இல் ஷார்ல் மெரியோன் அதைச் செப்புத்தகட்டு அச்சில் செதுக்கினார். அதே காலத்தில் ஷார்ல் நெக்ர் அதன் பக்கத்தில் தன் நண்பரை நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்தார். பிறகு அஞ்சலட்டைகள், திரைப்படங்கள். நேரில் புகை அதைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தபோது, தாளில் மையும் வெள்ளியுப்பும் அதே வேலையைச் செய்தன. 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் அரக்கர் பட்டியலில் கார்காயில் இடம்பெற்றபோது அதற்கு வேறு நிறம் இருக்கக்கூடும் என்று எவரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

நிறத்தைப் பற்றிய இந்த நம்பிக்கை வெறும் ரசனைச் செய்தியாக நின்றுவிட்டால் இவ்வளவு பேசத் தேவையில்லை. அதற்காகக் கல்லைச் சுரண்டியிருக்கிறார்கள். கிரேக்கச் சிற்பம் என்றால் வெண்மை என்ற எண்ணம், 1764இல் வெளிவந்த விங்கெல்மனின் நூலுக்குப் பின் ஐரோப்பியக் கல்வியில் வேரூன்றியது. 1937, 38 ஆண்டுகளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தெனான் சிற்பங்கள், டுவீன் பிரபுவின் கொடையில் கட்டப்பட்ட புதிய கூடத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்தன. அவை இன்னும் வெண்மையாக வேண்டும் என்று செப்பு உளிகளாலும் காரபரண்டம் கல்லாலும் மேற்பரப்பைத் தேய்த்தெடுத்தார்கள். விஷயம் வெளியே வந்து விசாரணை நடந்தது. அந்தத் தேய்ப்பில் அழுக்கோடு சேர்ந்து 2,400 ஆண்டுப் பழமை கொண்ட மேற்தோலும் போயிற்று. எஞ்சிய இடங்களில் 2009இல் ஒரு சிறப்புப் புகைப்பட முறையால், கண்ணுக்குத் தெரியாத எகிப்திய நீலத்தின் துகள்களைக் கண்டறிந்தார்கள். தேய்த்த இடங்களில் என்ன இருந்தது என்பதை இனிக் கேட்டறிய முடியாது. ஒரு தவறான நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும்படி மூலத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பழைய ஏடுகளில் தமக்குப் புரியாத பாடத்தைத் ‘திருத்தி’ எழுதிய கைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

பாரிஸில் நடந்தது இதற்கு நேர்மாறான அதிர்ச்சி. 1960களில் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோவின் முயற்சியில் நகரின் முக்கியக் கட்டடங்கள் கரி நீக்கப்பட்டு வெளுத்தன. பாரிஸின் கருமையே அதன் முதுமை என்று நம்பியிருந்தவர்களுக்கு இது உவப்பாக இல்லை. 2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர் தாம் எரிந்தபின் நடந்த மீட்புப் பணியில், ஈயத் தூசியையும் பழைய அழுக்கையும் அகற்ற உட்சுவர்களில் லேட்டெக்ஸ் பசையைப் பூசி உரித்தெடுத்தார்கள். 2024 டிசம்பரில் கதவு திறந்தபோது படங்களில் தெரிந்தது பாலாடை நிறம். பழைய இருளை நினைவில் வைத்திருந்த எவரும் முதலில் சற்றுத் திகைத்திருப்பார்கள். எனக்கும் அது புதிதாய்க் கட்டிய ஓட்டலின் வரவேற்பறைபோலத்தான் பட்டது. இத்தனையும் படித்த பிறகும் என் கண் புகையையே கல் என்று நம்பிக்கொண்டிருந்தது.

இந்த ஆராய்ச்சியின் சூட்டோடு நண்பரின் மகனுக்குச் சரித்திர சுத்தமான கார்காயில் ஒன்றைச் செய்து கொடுப்பது என்று முடிவெடுத்தேன். வெள்ளையில் மஞ்சள் காவியும் ஒரு துளி பழுப்பும் கலந்து, பாரிஸின் சுண்ணாம்புக்கல் வெட்டிய நாளில் இருந்திருக்கக்கூடிய நிறத்தைக் கொண்டுவந்து இரண்டு கை பூசினேன். பையன் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கல்லு மாதிரியே இல்ல மாமா. வேகவச்ச மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கு.”

வியோலே லெ துய்க்கையும் கந்தக டை ஆக்சைடையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டான். கேட்டு முடித்துவிட்டு, “சரி, இப்ப கறுப்பு அடிக்கலாமா?” என்றான்.

அடித்தோம். கறுப்பின் மேல் சாம்பல், சாம்பலின் மேல் அதைவிட வெளிறிய சாம்பல். கடைசியில் நீர்த்த மையை அவனே தூரிகையில் எடுத்து மேலே ஓடவிட்டான். அது கண்குழிக்குள்ளும் விலா எலும்புகளுக்கு இடையிலும் வழிந்து தேங்கியது. மறுநாள் காலையில் அது ஐயத்துக்கு இடமில்லாத கல்லாக இருந்தது. இடது சிறகின் உட்புறத்தில், விரல் நுழையாத மடிப்புக்குள், அவன் பார்க்காத நேரத்தில் ஒரு பொட்டு நீலம் வைத்திருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டுப் பூதத்துக்கு அது காலப்பிழைதான். அவன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.